ஹோகன் சொன்னபடியே பிடித்தும் ஸ்லைஸ் கூடிவிட்டது, எங்கே தவறு?

தொம்லூர்க்காரன்
சனி, காலை 10.20

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. கோல்ஃப் கற்க ஆரம்பித்துப் பத்து மாதம் ஆகிறது. அதற்கு முன் கையில் பிடித்ததெல்லாம் கிரிக்கெட் மட்டைதான். ஈஜிபுராவில் இருந்த காலத்தில் ஞாயிறு தவறாமல் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடியவன். இப்போது வாரத்தில் மூன்று நாள், ஆபீஸ் போகும் முன் ரேஞ்சுக்கு, அதாவது பந்தடித்துப் பழகும் மைதானத்துக்குப் போய் ஒரு பக்கெட் பந்து அடித்துவிட்டு வருகிறேன்.

பிரச்சினை ஸ்லைஸ். ஏழாம் நம்பர் அயர்னில் (நடுத்தர தூரத்துக்கான கிளப்) பந்து நேராகக் கிளம்பி வலப்பக்கம் வளையும். அதிக தூரம் அடிக்கும் டிரைவர் கிளப்பை எடுத்தால் இடப்பக்கம் கிளம்பி, பெரிதாக வளைந்து வலப்பக்க வலையில் போய் விழும். ஒரு பயிற்சியாளரிடம் எட்டு வகுப்பு போனேன். வகுப்புக்கு ஒரு திருத்தம் சொன்னார். போன வாரம் சொன்னதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் பதில் வராது. சரி, அடிப்படையிலிருந்து ஒரே ஒருவரிடம் முறையாகக் கற்போம் என்று அந்தக் கால அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகனைப் பிடித்துக்கொண்டேன். 1957இல் வந்த அவருடைய புத்தகத்தில் உள்ள ஐந்து பாடங்களையும் மூன்று முறை படித்தேன். அதில் ராவியெல்லி வரைந்த படங்களை வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று பழகினேன். அப்புறம், கிளப் மேலே போனதும் இடது மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாக மடக்குவதுதான் அவருடைய ரகசியம் என்று ஒரு வீடியோவில் பார்த்து அதையும் சேர்த்துக்கொண்டேன்.

ஆறு வாரம் ஆகிவிட்டது. முன்பு நேராகக் கிளம்பி வளைந்த அயர்ன் பந்து இப்போது கிளம்பும்போதே வலப்பக்கம் போகிறது, அங்கிருந்து இன்னும் வலப்பக்கம் வளைகிறது. இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் சொன்னதை அப்படியே செய்தும் ஏன் இப்படி? நான் தவறாகச் செய்கிறேனா, அவருடைய முறையே எனக்கு ஒத்துவராதா?


அல்சூர் ஏரி
சனி, காலை 11.05

புத்தகத்தை மூடி வையுங்கள் சார். ஹோகன் பெரிய ஆள் ஆனது பயிற்சியால்தான். தினம் இரண்டு பக்கெட் அடியுங்கள், தானாக வரும்.


ஒன்பதாம் குழி
சனி, மதியம் 2.40

அல்சூர் ஏரி சொல்வதில் பாதி சரி. ஹோகன் அளவுக்குப் பயிற்சி செய்தவர் அந்தக் காலத்தில் இல்லை. ஆனால் தவறான அடியை ஆயிரம் முறை அடித்தால் அந்தத் தவறுதான் உடம்பில் ஊறும். தொம்லூர்க்காரன் ஆறு வாரம் ஒழுங்காக உழைத்திருக்கிறார், அதனால்தான் ஸ்லைஸ் கூடியிருக்கிறது. அவருடைய உழைப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதைப் புரிந்துகொள்ள ஹோகன் யார் என்று கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

1912இல் டெக்சஸில் பிறந்தவர். தகப்பனார் கொல்லர். ஹோகனுக்கு ஒன்பது வயது இருக்கும்போது தகப்பனார் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். குடும்பம் தவித்தது. பையன் ஃபோர்ட் வொர்த்தில் கிளென் கார்டன் என்ற மைதானத்தில் ஆட்டக்காரர்களின் பையைத் தூக்கும் கேடியாகச் சேர்ந்தான். அதே மைதானத்தில் கேடியாக இருந்த இன்னொரு பையன், பின்னாளில் பெரிய ஆட்டக்காரர் ஆன பைரன் நெல்சன். ஹோகன் 1930இல், 17 வயதில், தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். தனி ஆளாக முதல் போட்டியை வென்றது 1940இல். நடுவில் பத்து வருடம் இருக்கிறது. அந்தப் பத்து வருடமும் அவரை வாட்டியது எது தெரியுமா? ஹூக். பந்து இடப்பக்கம் தாழ்ந்து சுழன்று ஓடிப்போகும். கையில் இருந்த பணம் தீர்ந்து ஊருக்குத் திரும்பியது ஒரு முறையல்ல.

அவருடைய மணிக்கட்டு அபாரமாக வளையக்கூடியது, கை வேகமும் அதிகம். பந்தில் படும் நேரத்துக்குள் கிளப் முகம் (பந்தை அடிக்கும் தட்டைப் பரப்பு) மூடிவிடும், அதாவது இடப்பக்கம் திரும்பிவிடும். அதைத் தடுக்கத்தான் அவர் கிரிப்பை இலக்கின் பக்கம் திருப்பினார், நாம் வீக் கிரிப் என்கிறோமே, அது. மேலே போனதும் இடது மணிக்கட்டை மடக்கியதும் முகத்தைத் திறந்து வைக்கத்தான். எவ்வளவு வேகமாக அடித்தாலும் முகம் மூடாது என்ற உறுதி அவருக்கு அதற்குப் பிறகுதான் வந்தது.

உங்களுக்கு ஏற்கெனவே, கிளப் போகும் பாதையோடு பார்த்தால், முகம் திறந்துதான் இருக்கிறது. திறக்கும் மருந்தை மேலும் ஆறு வாரம் சாப்பிட்டிருக்கிறீர்கள். சீதபேதிக்காரர் மலச்சிக்கல் மருந்து குடித்த மாதிரி.

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அந்த மணிக்கட்டு ரகசியத்தை 1955இல் லைஃப் பத்திரிகையில் வெளியிட்டபோது, இது சாதாரண ஆட்டக்காரருக்குப் பயன்படாது, மோசமாக ஆடுபவரைக் கெடுத்துவிடும் என்ற பொருளில் ஹோகனே சொல்லியிருக்கிறார். ரகசியத்தைப் பரப்புகிறவர்கள் அந்த எச்சரிக்கையை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.


தொம்லூர்க்காரன்
சனி, மாலை 6.15

ஐயா, படித்துவிட்டுச் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவரே எச்சரித்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது.

அப்படியானால் அந்த ஐந்து பாடங்களில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது? எல்லாமே ஹூக்குக்கான மருந்து என்றால் படித்ததே வீணா?


ஒன்பதாம் குழி
சனி, இரவு 8.30

வீண் இல்லவே இல்லை. அவர் சொன்னதை இரண்டு பங்காகப் பிரித்துப் பாருங்கள். நிற்பது, கிளப் கையில் உட்காரும் விதம், உடம்பு திரும்பும் வரிசை, கீழே வரும்போது எது முதலில் புறப்படுகிறது என்பவை ஒரு பங்கு. இவை எல்லா உடம்புக்கும் பொது. முகத்தை எந்த அளவு திறப்பது, மூடுவது என்பது இன்னொரு பங்கு. அது அவரவர் நோயைப் பொறுத்தது.

உங்கள் பந்து சொல்வதைப் பாருங்கள். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, படும் கணத்தில் கிளப் முகம் பார்க்கும் திசை. பின்பு வளைவது, முகத்துக்கும் கிளப் போகும் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தால். அயர்ன் பந்து நேராகக் கிளம்பியது என்றால் முகம் இலக்கைப் பார்த்திருக்கிறது. வலப்பக்கம் வளைந்தது என்றால் பாதை இடப்பக்கம் போயிருக்கிறது. டிரைவர் இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைந்ததென்றால் பாதை இன்னும் மோசமாக இடப்பக்கம். ஆக, முதலில் கெட்டுப்போயிருந்தது பாதை. நீங்கள் அதைத் தொடாமல் முகத்தைத் திறந்தீர்கள், இப்போது இரண்டும் கெட்டுவிட்டது.

பாதையைச் சரிசெய்ய ஹோகனைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. அதனால்தான் புத்தகத்தை மூடாதீர்கள் என்கிறேன்.


பழைய கேடி
ஞாயிறு, காலை 5.50

வேலைக்குக் கிளம்புவதற்கு முன் எழுதுகிறேன். நான் பன்னிரண்டு வயதிலிருந்து பை தூக்கியவன், செல்லகட்டா பக்கம். இப்போது ரேஞ்சில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஹோகனும் பை தூக்கியவர் என்று ஐயா எழுதியதைப் படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. நம் நாட்டிலும் அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர்தான். 1991இல் இந்தியன் ஓப்பன் ஜெயித்தார். அன்றைக்கு எங்கள் கேடி கொட்டகையில் எல்லாரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

தம்பி, உங்களை நேரில் பார்க்காமல் சொல்கிறேன், ஆனால் கிரிக்கெட் ஆடி வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பத்துப் பேரில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு பழக்கம் இருக்கும். ஒன்று, கிளப்பை உள்ளங்கையில் பிடிப்பது. இரண்டு, கட் ஷாட் அடிக்கிற மாதிரி வலது தோளை முன்னால் தள்ளுவது.

பிடிப்பிலிருந்து ஆரம்பியுங்கள். தண்ணீர் நிறைந்த வாளியை எடுக்கும்போது பாருங்கள், கைப்பிடி விரல்களில் தொங்கும், உள்ளங்கையில் இருக்காது. இடது கையை அப்படியே கிளப்பில் வையுங்கள். ஆள்காட்டி விரல் மடிப்பில் ஆரம்பித்து, சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கிற சதைமேட்டுக்கு அடியில் போய் முடிய வேண்டும். மேட்டுக்கு மேலே ஏறினால் உள்ளங்கைப் பிடி ஆகிவிடும். உங்கள் கிளவுஸை எடுத்துப் பாருங்கள். அந்த மேட்டில் ஓட்டை விழுந்திருந்தால் கிளப் அங்கே உராய்கிறது என்று அர்த்தம். ஓட்டை இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

அழுத்தம் எங்கே என்பதில் ஹோகன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இடது கையில் கடைசி மூன்று விரல். வலது கையில் நடுவில் இருக்கும் இரண்டு விரல். வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சும்மா இருக்க வேண்டும், அவை இறுகினால் தோள் இறுகும், தோள் இறுகினால் கிளப் வெளியே போகும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவர் படத்தை விட்டு விலகுங்கள். இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் கோடு வலது கண்ணைக் காட்ட வேண்டும் என்கிறார், வலது கைக் கோடு தாடையைக் காட்ட வேண்டும் என்கிறார். நீங்கள் இரண்டையும் வலது தோள் பக்கம் திருப்புங்கள். குனிந்து பார்த்தால் இடது புறங்கையில் மூன்று மொளி (விரல் கணு) தெரிய வேண்டும். முதல் வாரம் கை வேறு யாருடையதோ என்று இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.


தொம்லூர்க்காரன்
ஞாயிறு, காலை 7.10

அண்ணா, கிளவுஸை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன அதே இடத்தில் ஓட்டை. இது நான்காவது கிளவுஸ், நாலும் அங்கேதான் கிழிந்தது. கிளவுஸ் தரம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.


ஹாக்கி ஸ்டிக்
ஞாயிறு, காலை 11.45

நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். கல்லூரி நாட்களில் ஹாக்கி ஆடியவள், சாந்திநகர் மைதானத்தில் முட்டி தேய்ந்தது. கோல்ஃபுக்கு வந்தபோது எனக்கு ஸ்லைஸ் என்றால் என்னவென்றே தெரியாது. ஹாக்கியில் இடது கை ஸ்டிக்கின் மேல் நன்றாகச் சுற்றி உட்காரும், பந்தை அடிக்கும்போது மணிக்கட்டு உருளும். அந்தப் பழக்கத்தோடு டிரைவர் எடுத்தேன். பந்து இடப்பக்க மரங்களுக்குள் தாழ்ந்து ஓடும். இரண்டு வருடம் அப்படித்தான் ஆடினேன், ஒரு ரவுண்டுக்கு ஆறேழு பந்து தொலையும்.

என்னை மீட்டது ஹோகன்தான். கிரிப்பை அவர் படத்தில் இருக்கிறபடி திருப்பினேன். கட்டைவிரலைக் கிளப்பின் நடுவுக்குப் பக்கமாகக் கொண்டுவந்தேன். மேலே மணிக்கட்டைச் சற்று மடக்கினேன். நான்கு மாதத்தில் பந்து நேராக வந்தது, சில நாட்களில் மெல்ல வலப்பக்கம் இறங்கவும் செய்தது. அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் கேசரி செய்து கொடுத்தார்.

அதனால் அந்த ரகசியம் பொய் என்று யாராவது சொன்னால் எனக்கு ஏற்காது. என்னைப் போன்றவர்களுக்காகவே அவர் எழுதியது அது. தொம்லூர்க்காரன் போன்றவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.


அல்சூர் ஏரி
ஞாயிறு, மதியம் 1.20

நேற்று நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். படிக்கப் படிக்கத் தெளிவாகிறது. ஒரு சந்தேகம். ஜாக் நிக்லஸ் 18 மேஜர் (மிகப் பெரிய போட்டி) ஜெயித்தவர், ஹோகன் 9. நிக்லஸ் கையை உயரத் தூக்கினார், வலது முழங்கை உடம்பை விட்டு வெளியே பறந்தது, விரல்களைக் கோத்துப் பிடித்தார். ஹோகன் தட்டையாகச் சுற்றினார், முழங்கையை உடம்போடு ஒட்டினார், சுண்டுவிரலை மேலே வைத்துப் பிடித்தார். இரண்டு பேருமே உச்சத்தில் இருந்தவர்கள் என்றால் அடிப்படை என்று ஒன்று உண்டா?


ஒன்பதாம் குழி
ஞாயிறு, மாலை 4.00

நல்ல கேள்வி. இரண்டு பேருடைய படங்களையும் பந்தில் படும் கணத்தில் நிறுத்திப் பாருங்கள். எடை இடது காலுக்கு வந்திருக்கும். இடுப்பு இலக்குப் பக்கம் திறந்திருக்கும், தோள் அந்த அளவு திறந்திருக்காது. கைகள் பந்தைத் தாண்டி முன்னால் இருக்கும். இடது மணிக்கட்டு புறங்கைப் பக்கம் மடங்கியிருக்காது. மேலே போன வழி வேறு, வந்து சேர்ந்த இடம் ஒன்று. எனக்கு அடிப்படை என்றால் அந்த இடம்தான். ஹோகனின் அருமை என்னவென்றால், அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்வது என்று கால் பாதத்திலிருந்து ஆரம்பித்து வரிசையாகச் சொன்னார்.

அவர் வரிசை இது. மேலே போகும்போது முதலில் கை, பிறகு புயம், தோள், கடைசியில் இடுப்பு. தோள் முழுதாகத் திரும்பும், இடுப்பு அதில் பாதிதான். அந்த வித்தியாசம்தான் முறுக்கு. கீழே வரும்போது வரிசை தலைகீழ், இடுப்பு முதலில் இடப்பக்கம் திரும்பும், மற்றதெல்லாம் பின்னால் இழுபட்டு வரும்.

கண்ணாடிப் பலகைப் படம் உங்கள் நினைவில் இருக்கும். பந்திலிருந்து சாய்வாக எழுந்து தோளின் மேல் தங்கும் ஒரு பெரிய கண்ணாடி, அதில் தலைக்கு மட்டும் ஓட்டை. மேலே போகும்போது கை அந்தக் கண்ணாடியை உடைக்காமல் அடியிலேயே போக வேண்டும். பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கீழே வருவதற்கு வேறு சாய்வு என்று அதே பாடத்தில் சொல்லியிருக்கிறார், அந்தக் கண்ணாடி இன்னும் தாழ்ந்து, இலக்குக்குச் சற்று வலப்பக்கம் பார்த்து இருக்கும். ஸ்லைஸ்காரர் படிக்க வேண்டிய பக்கம் அதுதான்.


முதுகெலும்பு
ஞாயிறு, இரவு 9.10

நான் இயன்முறை மருத்துவர், கோல்ஃபும் ஆடுகிறேன். ஐயா சொன்ன வரிசையில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இடுப்பு முதலில் என்ற வாக்கியத்தைக் கேட்டு என்னிடம் முதுகுவலியோடு வந்தவர்கள் பலர். ஹோகனின் முறுக்கு அவருடைய உடம்பில் இருந்தது. அவர் தோளைத் திருப்பி இடுப்பைப் பிடித்துவைக்க முடிந்தவர், அதனால் இடுப்பு கிளம்பும்போது தோள் பின்தங்கியது. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் நாற்காலியில் இருப்பவருக்குத் தொடை மூட்டு இறுகிக் கிடக்கும். அவர் இடுப்பை வேகமாகச் சுற்றினால் தோளும் அதனுடனேயே சுற்றும், கிளப் வெளியே எறியப்படும். ஐயா வர்ணித்த அதே ஸ்லைஸ். கூடவே கீழ்முதுகும் முறுக்கப்படும். கீழ்முதுகு முறுக்குவதற்கான இடம் அல்ல. திரும்ப வேண்டியது தொடை மூட்டும் நடுமுதுகும்.

வலது பாதத்தை இலக்குக் கோட்டுக்குச் செங்குத்தாக வைக்கச் சொல்கிறார் ஹோகன், இடது பாதத்தைக் கால் பங்கு வெளியே திருப்பச் சொல்கிறார். நாற்பது தாண்டியவர் வலது பாதத்தையும் கொஞ்சம் வெளியே திருப்பிக்கொள்ளட்டும். இடுப்பு தாராளமாகத் திரும்பும், முதுகு தப்பிக்கும். முறுக்கு குறையும்தான், அடி பத்து கஜம் குறைந்தால் குறையட்டும்.


ஒன்பதாம் குழி
ஞாயிறு, இரவு 10.05

டாக்டர், பாதத்தைத் திருப்புவதை ஏற்றுக்கொள்கிறேன், எனக்கே 66 வயது, நானும் அப்படித்தான் நிற்கிறேன். ஆனால் இடுப்பு முதலில் என்பதை விட்டுவிடச் சொல்லாதீர்கள். அதை விட்டால் தோள்தான் முதலில் வரும், மீண்டும் அதே கட் ஷாட்.


முதுகெலும்பு
திங்கள், காலை 6.30

விடச் சொல்லவில்லை ஐயா. சுற்று என்ற சொல்லுக்குப் பதிலாக மிதி என்று சொல்லிப் பாருங்கள். மேலே போய் முடியும் முன்பே இடது காலை மிதிக்கிறோம். எடை அங்கே போகும்போது இடுப்பு தானாகத் திறக்கும். முதுகு இன்னும் ஒரு கணம் இலக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதற்கு ஒரு பயிற்சி உண்டு. இரண்டு பாதத்தையும் சேர்த்து நில்லுங்கள், கிளப்பை மேலே கொண்டுபோகும்போதே இடது காலை இலக்குப் பக்கம் ஓர் அடி எடுத்து வையுங்கள், வைத்த பிறகு அடியுங்கள். முதல் பத்து முறை பந்து இல்லாமல்.


ஒன்பதாம் குழி
திங்கள், காலை 9.20

மிதி நல்ல சொல். இனி நானும் அதையே சொல்வேன்.


பழைய கேடி
திங்கள், இரவு 8.40

இன்றைக்கு ரேஞ்சில் மூன்று பேரிடம் மிதி என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேருக்கு உடனே வந்தது.

தம்பிக்கு வலது கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிந்திருப்பீர்கள், தண்ணீர் மேல் தத்தித் தத்திப் போகுமே. அப்போது முழங்கை முன்னால் வரும், கை பின்னால் வரும், தோள் தாழ்ந்திருக்கும். யாரும் தோளுக்கு மேலிருந்து சில்லு எறிய மாட்டார்கள், எறிந்தால் முழுகிவிடும். கிளப் கீழே வரும்போது (டவுன்ஸ்விங்) வலது கை செய்வது அந்த வேலைதான். முழங்கை வலது இடுப்புக்கு முன்னால் வந்து சேர வேண்டும். ஹோகன் பாடத்திலும் இதே மாதிரி பக்கவாட்டில் பந்து எறிகிற படம் இருக்கிறது என்று ஒரு சார் காட்டினார்.

வீட்டில் செய்ய: ஒரு துண்டை மார்புக்குக் குறுக்கே போட்டு இரண்டு முனையையும் இரண்டு அக்குளிலும் இடுக்கிக்கொள்ளுங்கள். முழங்கையை விலாவோடு வைத்து, இடுப்பு உயரத்துக்கு மட்டும் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். துண்டு விழக்கூடாது. உடம்பு ஆட்டுகிறது, கை கூடப் போகிறது என்று தெரியும் வரை செய்யுங்கள். ஒரு மாதத்துக்கு டிரைவரைத் தொடாதீர்கள். ஏழாம் நம்பர் போதும். ரேஞ்சில் போட்டிருக்கும் விரிப்பில் குத்தி அடிக்காதீர்கள், முழங்கை போய்விடும். புல் தரை கிடைக்கும் நாளில் டிவட், அதாவது அடியில் புல் பெயர்ந்த தடம், எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பாருங்கள். அது பொய் சொல்லாது.


ஹாக்கி ஸ்டிக்
செவ்வாய், காலை 7.00

பழைய கேடி அண்ணா சொன்ன துண்டுப் பயிற்சி எனக்கும் பயன்பட்டது. இன்னொன்றைச் சேர்க்கிறேன். அடிப்பதற்கு முன் ஹோகன் கிளப்பை முன்னும் பின்னும் சற்று ஆட்டுவார். வேகில் என்கிறார்கள். அது நடுக்கம் போக்கும் ஆட்டம் அல்ல, வரப்போகும் அடிக்கு ஒத்திகை. மெல்ல அடிக்கப் போகிறார் என்றால் மெல்ல ஆட்டுவார், வேகமாக என்றால் வேகமாக. நான் அதைக் கற்றபிறகு பந்துக்கு மேல் கல்லாக உறைந்து நிற்பது நின்றது.


தொம்லூர்க்காரன்
மூன்று வாரம் கழித்து, சனி, காலை 9.30

எல்லாரும் சொன்னதைக் குறித்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தேன்.

முதல் வாரம் மிகவும் கடினமாக இருந்தது. மூன்று மொளி தெரியும்படி பிடித்தால் கை என் கை மாதிரியே இல்லை. முதல் நாளில் பாதிப் பந்து தரையோடு ஓடியது. இரண்டாம் வாரம் துண்டும் மிதியும் மட்டும். வீட்டு மொட்டை மாடியில் இரவு பத்து மணிக்கு ஆட்டிக்கொண்டிருந்தேன், கீழ்வீட்டுத் தாத்தா வந்து என்ன தம்பி இது என்று கேட்டு, பிறகு அவரும் ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இந்த வாரம் புதன்கிழமை ஒன்று நடந்தது. ஏழாம் நம்பரில் ஒரு பந்து நேராகக் கிளம்பி, வளையாமல், உயரத்தில் நின்று, 150 கஜப் பலகைக்குச் சற்று முன்னால் இறங்கியது. கையில் ஒன்றுமே தெரியவில்லை, பந்து இருந்ததா என்று தோன்றியது. அடுத்த பத்தில் மூன்று அதே மாதிரி. மற்றவை பெரும்பாலும் இன்னும் வலப்பக்கம்தான், ஆனால் முன்பு இருந்த வளைவு இல்லை. இரண்டு இடப்பக்கம் போயின. பத்து மாதத்தில் என் பந்து இடப்பக்கம் வளைந்தது அன்றுதான் முதல் முறை.

அன்று இரவு, மெரியன் மைதானத்தில் ஹோகன் ஆடிய 1950 யூஎஸ் ஓப்பன் பற்றிப் படித்தேன். 1949 பிப்ரவரியில் பேருந்து மோதி, இடுப்பெலும்பு உடைந்து, இனி நடப்பாரா என்றே சந்தேகப்பட்ட மனிதர், 16 மாதத்தில் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒரே நாளில் 36 குழி ஆடியிருக்கிறார். கடைசிக் குழியில் ஒன்றாம் நம்பர் அயர்னால் குழி இருக்கும் கிரீனில் போட்டு, சமநிலையை முறிக்க மறுநாள் நடந்த பிளேஆஃபில் 69 அடித்து ஜெயித்திருக்கிறார். பேருந்து மோதும் முன் மனைவியைக் காப்பாற்ற அவர் மேல் குறுக்கே விழுந்ததால்தான் ஸ்டீயரிங் கம்பியிலிருந்து தப்பினார் என்பதையும் படித்தேன். இவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது மணிக்கட்டு மடக்குவதை மட்டும் என்றால் எவ்வளவு குறைவாகப் படித்திருக்கிறேன்.


ஒன்பதாம் குழி
சனி, காலை 10.10

இரண்டு பந்து இடப்பக்கம் போனது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம். பாதை மாறிவிட்டது. இனி கிரிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்குக் கொண்டுவரலாம், அவசரம் வேண்டாம். இடப்பக்கம் போவது பத்தில் ஐந்து ஆகும்போது மூன்று மொளியை இரண்டரை ஆக்குங்கள்.

இன்னும் ஒன்று. விபத்துக்குப் பிறகு அவர் ஆடிய ஆட்டம்தான் அவருடைய சிறந்த ஆட்டம். 1953இல் மாஸ்டர்ஸ், யூஎஸ் ஓப்பன், கார்னூஸ்டியில் பிரிட்டிஷ் ஓப்பன் மூன்றும் அவருடையவை. கால் பழைய பலத்தில் இல்லை, அதற்குள்தான் அந்த ஸ்விங். டாக்டர் சொன்ன பாதம் திருப்புவதை நினைத்து வெட்கப்பட வேண்டியதில்லை.


அல்சூர் ஏரி
சனி, மதியம் 12.45

நானும் என் கிளவுஸைப் பார்த்தேன். ஓட்டை அதே இடத்தில். நாளை காலை யாராவது ரேஞ்சில் இருப்பீர்களா?


பழைய கேடி
சனி, இரவு 9.00

நாளை ஆறரை மணிக்கு நான் இருப்பேன், ரேஞ்சில் நின்று அடிக்கும் கடைசித் தடுப்பில். இரண்டு பேரும் வாருங்கள். ஏழாம் நம்பர் மட்டும் எடுத்து வாருங்கள், பை முழுக்க வேண்டாம். துண்டு ஒன்று. தொம்லூர்த் தம்பி, அந்தப் பழைய கிளவுஸையும் கொண்டுவாருங்கள், புதுசு எங்கே தேய்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.


தொம்லூர்க்காரன்
சனி, இரவு 9.25

நான்கையும் கொண்டுவருகிறேன் அண்ணா. ஆறேகாலுக்கே வந்துவிடுகிறேன்.